15 கோடி ஆண்டுகளுக்கு முந்திய புத்தகசாலை!

ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியில் ஒரு பாலைவனம் இருக்கிறது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணல்தான். அதன் பெயரே "பெரிய மணல் பாலைவனம்".

அங்கே ஒரு நாள் இரவு. நிலா காய்கிறது. வயதான பேராசிரியர் ஒருவர் தூக்கம் வராமல் எழுந்து, கூடாரத்தை விட்டு வெளியே நடக்கிறார். கையில் ஒரு டார்ச் விளக்கு. சிறிது தூரத்தில் பெரிய பெரிய கற்கள் பாதி புதைந்து கிடக்கின்றன. அவற்றின் நடுவே ஒரு பொந்து. அதன் வழியாகக் குளிர்ந்த காற்று வருகிறது.

பேராசிரியர் உள்ளே இறங்குகிறார்.

இறங்க இறங்க அவருக்கு உடம்பு நடுங்குகிறது. இருட்டைக் கண்டு அல்ல. அந்த இடம் அவருக்குத் தெரிந்த இடமாக இருக்கிறது! இந்த வாசலைத் தாண்டினால் ஒரு மண்டபம் வரும் என்று நினைக்கிறார், வருகிறது. இங்கே ஒரு சரிவுப் பாதை இருக்க வேண்டுமே என்று நினைக்கிறார், இருக்கிறது. மனிதன் பூமியில் தோன்றுவதற்குப் பல கோடி ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்ட கட்டிடம் அது. பிறந்த வீட்டுக்குள் நடப்பதுபோல அவர் அதற்குள் நடக்கிறார்.

கடைசியில் ஓர் உலோக அலமாரி. சாவி இல்லை. ஒரு குமிழ்தான் இருக்கிறது. அதை எந்தப் பக்கம் எத்தனை தடவை திருப்ப வேண்டும் என்பது அவருடைய விரல்களுக்குத் தெரிந்திருக்கிறது! திறந்து, உள்ளிருந்து ஒரு பெட்டியை எடுக்கிறார். பெட்டிக்குள் ஒரு புத்தகம்.

அதில் என்ன எழுதியிருந்தது? சொல்கிறேன். அதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது நடந்த சம்பவம் அல்ல; கதை. எழுதியவர் எச். பி. லவ்கிராப்ட் என்ற அமெரிக்கர். 1936-ம் ஆண்டு ஜூன் மாதம், "அஸ்டவுண்டிங் ஸ்டோரீஸ்" என்ற விஞ்ஞானக் கதைப் பத்திரிகையில் இது வெளிவந்தது. "தி ஷாடோ அவுட் ஆப் டைம்" என்று பெயர். "காலத்துக்கு அப்பாலிருந்து விழுந்த நிழல்" என்று தமிழில் சொல்லலாம்.

கதைக்குப் பின்னால் ஒரு நோட்டுப் புத்தகத்தின் கதையும் இருக்கிறது. அது முழுக்க முழுக்க உண்மை. இரண்டையும் சேர்த்துத் தெரிந்து கொண்டால்தான் சுவை.

வகுப்பில் விழுந்த வாத்தியார்

கதாநாயகர் பெயர் நதானியல் பீஸ்லி. அமெரிக்காவில் மிஸ்கட்டோனிக் பல்கலைக் கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியர். (அப்படி ஒரு பல்கலைக் கழகம் உலகில் எங்கும் கிடையாது. லவ்கிராப்டின் கற்பனை.) அவருக்கு மனைவி, இரண்டு பையன்கள், ஒரு பெண். அமைதியான குடும்பம்.

1908-ம் ஆண்டு மே மாதம் 14-ந் தேதி, வியாழக்கிழமை. காலை 10 மணி 20 நிமிஷம். பாடம் நடத்திக் கொண்டிருந்த பீஸ்லி திடீரென்று மயங்கி விழுந்தார்.

மயக்கம் தெளிந்தபோது அவர் வேறு ஆளாக இருந்தார். மனைவியைத் தெரியவில்லை. பிள்ளைகளைத் தெரியவில்லை. கைகால்களை ஆட்டுவதே புதிதாகக் கற்றுக் கொள்வதுபோல் இருந்தது. ஆனால் அறிவு மட்டும் பயங்கரமாக வேலை செய்தது. புத்தகத்தைப் புரட்டுகிற வேகத்திலேயே படித்து முடித்தார். 1909-ல் இமயமலைக்குப் போனார். 1911-ல் ஒட்டகத்தில் ஏறி அரேபியப் பாலைவனத்துக்குள் போனார். 1912-ல் கப்பல் பிடித்து, வட துருவப் பக்கம் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கும் வடக்கே போனார். ஏன் போனார், எதைத் தேடினார்? யாருக்கும் தெரியவில்லை.

மனைவிக்கு மட்டும் ஒன்று தெரிந்து விட்டது. "இது என் கணவர் அல்ல. அவர் உடம்புக்குள் வேறு யாரோ புகுந்திருக்கிறார்கள்" என்று நினைத்தாள். 1910-ல் விவாகரத்து வாங்கினாள். மூத்த பையனும் பெண்ணும் தகப்பன் முகத்தில் விழிக்க மாட்டோம் என்று போய்விட்டார்கள்.

இரண்டாவது பையன் மட்டும் அப்படி நினைக்கவில்லை. அவன் பெயர் விங்கேட். அப்போது அவனுக்கு 8 வயது. "என் அப்பா திரும்பி வருவார்" என்று நம்பிக் காத்திருந்தான்.

அப்பா திரும்பி வந்தார்! 1913-ம் ஆண்டு செப்டம்பர் 27-ந் தேதி, பீஸ்லிக்குப் பழைய நினைவு வந்தது. கண் விழித்ததும் என்ன பேசினார் தெரியுமா? ஜெவன்ஸ் என்ற பொருளாதார நிபுணரைப் பற்றிப் பேசினார். ஐந்து வருஷத்துக்கு முன் வகுப்பில் பாதியில் நின்றுபோன பாடத்தை, விட்ட இடத்திலிருந்து நடத்தினார்! அவரைப் பொறுத்தவரை அது அதே வியாழக்கிழமை காலைதான். நடுவில் போன ஐந்து வருஷம் எங்கே போயிற்று?

மனைவி திரும்பி வரவில்லை. விங்கேட் வந்தான். அந்தப் பையன் வளர்ந்து, படித்து, மனோதத்துவப் பேராசிரியர் ஆனான். காரணம் சொல்லவே வேண்டாம்.

மனதைத் திருடும் இனம்

பீஸ்லிக்கு அப்புறம் கனவுகள் வர ஆரம்பித்தன. முதலில் பெரிய பெரிய மண்டபங்கள் மட்டும் தெரிந்தன. பிறகு அங்கே வசிக்கிறவர்களும் தெரிந்தார்கள்.

10 அடி உயரம். அடிப்பாகமும் 10 அடி அகலம். வைக்கோல் போரைக் கூம்பாகக் குவித்து வைத்த மாதிரி ஓர் உருவம். உச்சியில் நாலு நீண்ட கைகள். இரண்டின் நுனியில் நண்டுக் கொடுக்கு. ஒன்றின் நுனியில் சிவப்பாக நாலு ஊதுகுழல்கள். இன்னொன்றின் நுனியில் மஞ்சள் உருண்டையாகத் தலை. அதில் மூன்று கண்கள். நடப்பது கிடையாது, நத்தைபோல நகரும். வாய்ப் பேச்சும் கிடையாது. கொடுக்கைத் தட்டியும் உரசியும் பேசிக் கொள்ளும்.

லவ்கிராப்ட் இதற்கு "மகா இனம்" என்று பெயர் வைத்தார். ஆனால் அந்த உடம்பு அவர்களுடைய சொந்த உடம்பு அல்ல. அவர்கள் வேறு ஓர் உலகத்தில் பிறந்தவர்கள். அந்த உலகம் அழியப்போகிற நேரத்தில், தங்கள் மனதை மட்டும் பூமிக்கு அனுப்பி, இங்கே இருந்த கூம்புப் பிராணிகளின் உடம்புக்குள் புகுந்து கொண்டார்கள். கூடு விட்டுக் கூடு பாய்வது என்று நம் பாட்டிமார் கதை சொல்வார்களே, அதேதான். வித்தியாசம் என்னவென்றால், இவர்கள் காலத்தையும் தாண்டிப் பாய்வார்கள்.

எதிர்காலத்தில் என்ன நடக்கும் என்று தெரிய வேண்டுமா? அந்தக் காலத்தில் வாழப் போகிற ஒருவரின் உடம்புக்குள் போய், அங்கே சில வருஷம் தங்கிப் படித்து வருவார்கள். உடம்பைப் பறிகொடுத்தவருடைய மனம் அதுவரை எங்கே இருக்கும்? கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்னால், இவர்களுடைய கூம்பு உடம்புக்குள் அடைபட்டுக் கிடக்கும்! பீஸ்லிக்கு நேர்ந்தது இதுதான்.

அடைபட்டவரைத் துன்புறுத்த மாட்டார்கள். பயம் தெளிந்ததும் ஊரைச் சுற்றிப் பார்க்கலாம். புத்தகசாலைக்குப் போய் எதை வேண்டுமானாலும் படிக்கலாம். பூமியின் கடந்த காலம், வருங்காலம் எல்லாம் அங்கே இருக்கும். பதிலுக்கு ஒரே ஒரு வேலை. தன்னுடைய காலத்தைப் பற்றித் தெரிந்ததை எல்லாம், தன்னுடைய பாஷையிலேயே, ஒரு புத்தகமாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

பீஸ்லியோடு இப்படி எழுதிக் கொண்டிருந்தவர்கள் யார் யார் என்று பாருங்கள். பழைய ரோமாபுரியில் ஸல்லா காலத்து அதிகாரி ஒருவர். எகிப்தின் 14-வது ராஜ வம்ச காலத்து மனிதர் ஒருவர். கி.பி. 5000-ல் வரப்போகிற ஒரு கொடிய சாம்ராஜ்யத்தின் தத்துவ ஞானி ஒருவர். கி.பி. 2518-ல் சாகப் போகிற ஆஸ்திரேலிய விஞ்ஞானி ஒருவர்! இவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் உட்கார்ந்து பேசிக் கொள்கிறார்கள். இந்தக் கட்டத்தைப் படிக்கும்போது, அங்கே நமக்கும் ஓர் ஓரத்தில் இடம் கிடைக்காதா என்று ஆசையாகத்தான் இருக்கிறது.

அடித்தட்டில் நம் இடம்

அந்தப் புத்தகசாலையை லவ்கிராப்ட் நேரில் பார்த்தவர்போல வருணிக்கிறார்.

அது நகரத்தின் மையத்துக்குப் பக்கத்தில், பூமிக்கு அடியில் இருக்கிறது. எரிமலை வெடித்தாலும், பூகம்பம் வந்தாலும் அசையாதபடி, மலையைப்போலக் கட்டப்பட்டது. புத்தகத்தின் தாள் காகிதம் அல்ல; எளிதில் கிழியாத ஒருவகை நார்த் துணி. நம் புத்தகம் பக்கவாட்டில் திறக்கும். அது மேலிருந்து திறக்கும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் தனிப் பெட்டி. துருப்பிடிக்காத, மிகவும் லேசான, சாம்பல் நிற உலோகத்தில் செய்தது. பெட்டியின் மேல் வளைவு வளைவான எழுத்துகளில் தலைப்பு இருக்கும். பெட்டிகள் பூட்டிய அலமாரிகளில் அடுக்கடுக்காக இருக்கும்.

மனிதனைப் பற்றிய புத்தகங்களுக்கு எந்த இடம் கொடுத்தார்கள்? மிகவும் கீழே இருக்கிற தட்டு! முதுகெலும்புள்ள பிராணிகளுக்கு அங்கேதான் இடம். நமக்கு முன்னால் பூமியை ஆண்ட ரோமப் பிராணிகளும், பல்லி இனத்துப் பிராணிகளும் நமக்கு அக்கம் பக்கம். நமக்குப் பிறகு பூமியை ஆளப் போவது வண்டு இனமாம். மகா இனத்துக்கு அதுவும் தெரியும். பூமிக்கு அடியில் அடைத்து வைத்திருந்த பயங்கர எதிரிகள் கிளம்பி வந்தபோது, அவர்கள் கூட்டமாக அந்த வண்டுகளின் உடம்புக்கே தாவிப் போய்விட்டார்கள்.

வேலை முடிந்ததும் அடைபட்டவரின் நினைவை அழித்து, அவரவர் உடம்புக்கு அனுப்பி விடுவார்கள். படித்தது எதுவும் ஞாபகம் இருக்காது.

இந்த இனத்தைப் பற்றிப் பெரிய ஞானிகள்போல எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அறிவுக்காகத்தான் செய்தார்கள் என்றாலும் திருட்டு திருட்டுத்தானே! ஒரு மனிதனின் ஐந்து வருஷத்தை எடுத்துக் கொண்டார்கள். அவன் குடும்பம் உடைந்தது. 8 வயதுப் பையன் வாசலைப் பார்த்துக் கொண்டே வளர்ந்தான். அந்தக் கணக்கு எந்த அலமாரியில் இருக்கிறது?

டார்ச் வெளிச்சத்தில் கண்டது

பீஸ்லி தன் கனவுகளைக் கட்டுரைகளாக எழுதி வெளியிட்டார். 1934-ம் ஆண்டு ஜூலை மாதம், ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் சுரங்க என்ஜினீயர். "நீங்கள் கனவில் கண்டதாக எழுதியிருக்கும் கற்களை நான் பாலைவனத்தில் நேரில் பார்த்தேன்" என்று எழுதியிருந்தார்.

1935 மார்ச்சில் பீஸ்லி கப்பல் ஏறினார். விங்கேட்டும் கூடப் போனான். இந்தக் கட்டுரையின் தொடக்கத்தில் பார்த்த இரவு, அந்த வருஷம் ஜூலை மாதத்து இரவு.

பெட்டியைத் திறந்தார். டார்ச்சைப் புத்தகத்தின் மேல் அடித்தார். ஒரே ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான், டார்ச்சை அணைத்துவிட்டு இருட்டில் அப்படியே இருந்து விட்டார். பிறகு புத்தகத்தை எடுத்துக் கொண்டு ஓடினார். பின்னால் விசில்போல ஒரு காற்று துரத்தியது. எங்கேயோ விழுந்தார், புத்தகம் கைநழுவிப் போயிற்று. விடியற்காலையில் மணலில் தவழ்ந்து கூடாரத்துக்குத் திரும்பினார். கையில் அத்தாட்சி ஒன்றும் இல்லை.

புத்தகத்தில் இருந்தது மகா இனத்தின் எழுத்து அல்ல. ஏ, பி, சி, டி என்ற சாதாரண இங்கிலீஷ் எழுத்து. இங்கிலீஷ் பாஷை. அதுவும் அவருடைய சொந்தக் கையெழுத்து!

கூம்பு உடம்பில் இருந்து எழுதினாலும் கையெழுத்து மாறாதா என்று கேட்காதீர்கள். லவ்கிராப்ட் அதற்குப் பதில் சொல்லவில்லை. கதையின் கடைசி வரியில் இதை வைத்துவிட்டு நிறுத்திக் கொண்டார்.

விஞ்ஞானம் என்ன சொல்கிறது?

லவ்கிராப்ட் கணக்கில் ஒரு தப்பு இருக்கிறது. பாலியோசோயிக் யுகம் முடிந்து மெசசோயிக் யுகம் தொடங்கிய சமயம்தான் மகா இனத்தின் காலம் என்றும், அது 15 கோடி ஆண்டுகளுக்குச் சற்றுக் குறைவு என்றும் எழுதினார். இன்று விஞ்ஞானிகள் சொல்லும் கணக்கு சுமார் 25 கோடி ஆண்டு.

ஆனால் இடத்தை நன்றாகத்தான் பிடித்தார். அந்தச் சுரங்க என்ஜினீயரின் ஊர் பில்பரா என்று கதையில் வருகிறது. பில்பரா உண்மையான பிரதேசம். அங்குள்ள பாறைகளில் மிகப் பழைய நுண்ணுயிர்களின் அடையாளங்களை, லவ்கிராப்ட் இறந்து பல்லாண்டுகளுக்குப் பிறகு, விஞ்ஞானிகள் கண்டார்கள். அவற்றின் வயது சுமார் 348 கோடி ஆண்டு! ஏடும் எழுத்தும் இல்லாமலே பாறை வைத்திருந்த பதிவு அது.

ஸ்பிட்ஸ்பெர்கன் தீவும் அப்படித்தான். இப்போது அங்கே மலையைக் குடைந்து, உலகத்துப் பயிர்களின் விதைகளைப் பனிக்குளிரில் பாதுகாக்கிறார்கள். 2008-ல் திறந்தார்கள். ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையத்தின் விதைகளும் அங்கே இருக்கின்றன. கதையில் ஏதோ ஊர் பேர் வேண்டும் என்று எழுதியிருப்பார். அது இப்படிப் பொருந்திவிட்டது.

சினிமாக்காரர்களும் இந்த எண்ணத்தை விடவில்லை. 1956-ல் "பர்பிடன் பிளானட்" என்ற படம் வந்தது. கிரெல் என்ற மறைந்துபோன இனம் விட்டுச் சென்ற அறிவை ஒரு டாக்டர் தம் மூளையில் ஏற்றிக் கொள்கிறார். அவர் மனதின் அடியில் கிடந்த கோபம் ராட்சதனாக வெளியே கிளம்பி, கூட இருப்பவர்களைக் கொல்கிறது. "ஸ்டார்கேட்" டெலிவிஷன் தொடரில் 1999-ல் வந்த ஒரு பகுதியில், பழைய இனத்தின் களஞ்சியம் ஒரு ராணுவ அதிகாரியின் தலைக்குள் அறிவைக் கொட்டிவிடுகிறது. மனிதர் தாய்மொழியே மறந்து தவிக்கிறார். இவை எல்லாம் விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அலமாரியைத் திறந்து தன் கையெழுத்தையே பார்ப்பதற்கு இவை ஈடாகாது.

அந்த ஐந்து வருஷம் யாருடையது?

இனி எழுதியவரின் கதைக்கு வருவோம்.

லவ்கிராப்ட் 1890-ல் பிராவிடன்ஸ் நகரில் பிறந்தவர். சின்ன வயதிலேயே வான சாஸ்திரத்தில் பைத்தியம். உள்ளூரில் இருந்த பிரவுன் பல்கலைக் கழகத்தில் சேர்ந்து படிக்க வேண்டும் என்பது ஆசை. நடக்கவில்லை. நரம்புத் தளர்ச்சி வந்து, ஹைஸ்கூல் படிப்பையே முடிக்காமல் நின்றுவிட்டார். அதன்பின் வீட்டை விட்டு அதிகம் வெளியே வராமல், யாரோடும் பழகாமல், ஐந்து வருஷம் முடங்கிக் கிடந்தார்.

எந்த வருஷம் படிப்பு நின்றது? 1908. மறுபடியும் எப்போது மனிதர்களோடு தொடர்பு கொள்ளத் தொடங்கினார்? 1913.

பீஸ்லி காணாமல் போன அதே ஐந்து வருஷம்! லவ்கிராப்டை ஆராய்ந்தவர்கள் இதைக் கவனித்துச் சொல்லியிருக்கிறார்கள். தம் வாழ்க்கையில் வீணாகப் போன அந்தக் காலத்தைப் பீஸ்லிக்குக் கொடுத்துவிட்டார். அதோடு விடவில்லை. அந்த ஐந்து வருஷமும் வீண் அல்ல, உலகத்திலேயே பெரிய புத்தகசாலையில் படித்தும் எழுதியும் கழிந்தது என்று கதை கட்டினார். பல்கலைக் கழகத்து வாசலை மிதிக்க முடியாமல் போனவர் இதை எழுதினார் என்பதை நினைத்தால் மனம் கனக்கிறது.

அவர் குற்றம் குறை இல்லாத மனிதர் அல்ல. பிற இனத்தவரை இழிவாக நினைத்தார். கடிதங்களில் அதை எழுதியும் வைத்தார். அதை மறைக்க வேண்டியதில்லை.

பென்சிலில் எழுதிய நோட்டு

கதையை 1934 நவம்பரில் தொடங்கி, 1935 பிப்ரவரியில் முடித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்துக் கொள்வதுபோன்ற ஒரு நோட்டுப் புத்தகத்தில் பென்சிலால் எழுதினார். எழுதி முடித்தும் திருப்தி இல்லை. டைப் அடிப்பதென்றால் அவருக்கு வேப்பங்காய். நோட்டு அப்படியே கிடந்தது.

அந்த வருஷக் கோடையில் புளோரிடாவில் ராபர்ட் பார்லோ என்ற நண்பர் வீட்டில் தங்கினார். நண்பருக்கு வயது 17. அந்தப் பையன் நோட்டை வாங்கி, லவ்கிராப்டுக்குத் தெரியாமலே முழுவதையும் டைப் அடித்துக் கையில் கொடுத்தான்! பிறகு டொனால்ட் வாண்ட்ரே என்ற இன்னொரு நண்பர், இவரைக் கேட்காமலே அதைப் பத்திரிகைக்குக் கொடுத்தார். 280 டாலர் கிடைத்தது. கதை அச்சாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1937 மார்ச் 15-ந் தேதி, குடலில் புற்றுநோய் முற்றி, 46 வயதில் லவ்கிராப்ட் காலமானார்.

பென்சில் நோட்டு பார்லோவிடம் இருந்தது. அவர் மெக்ஸிகோவுக்குப் போய், அஸ்டெக் மக்களின் பழைய ஏடுகளைப் படித்து ஆராயும் பேராசிரியர் ஆனார். லவ்கிராப்டின் மற்றக் காகிதங்களைப் பிரவுன் பல்கலைக் கழகத்து ஜான் ஹே புத்தகசாலைக்குக் கொடுத்தார். இந்த நோட்டை மட்டும் தம்மிடம் படித்த ஒருவருக்குக் கொடுத்துவிட்டார். 1951-ல் பார்லோ இறந்தார். நோட்டு இருக்கும் இடமே தெரியாமல் போயிற்று. தொலைந்தது என்றே எல்லாரும் முடிவு கட்டினார்கள்.

கதை எழுதி ஏறக்குறைய 60 வருஷம் கழித்து, 1990-களின் நடுவில், ஹவாய்த் தீவில் ஒரு வீட்டில் பழைய சாமான்களுக்கு நடுவே அது கிடைத்தது! பென்சில் எழுத்து அப்படியே இருந்தது. அதை வைத்துப் பார்த்தபோதுதான் அச்சான கதையில் எத்தனை பிழைகள் என்று தெரிந்தது. பிழை திருத்திய பதிப்பு 2001-ல் வந்தது. திருத்திய இருவரில் ஒருவர் எஸ். டி. ஜோஷி, நம் நாட்டில் புனா நகரில் பிறந்தவர்.

நோட்டு இப்போது ஜான் ஹே புத்தகசாலையில் இருக்கிறது. பிரவுன் பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த புத்தகசாலை அது. காலேஜ் வீதி முனையில் இருக்கிறது. லவ்கிராப்ட் 1933 முதல் சாகும் வரை சித்தியுடன் குடியிருந்த வீடும் அதே வீதியில்தான் இருந்தது. கதவு எண் 66. 1959-ல் அந்த வீட்டை அப்படியே பெயர்த்து வேறு தெருவில் கொண்டுபோய் வைத்தார்கள். அதுவரை அது இருந்த இடம், ஜான் ஹே புத்தகசாலையின் நேர் பின்புறம். கதையை எழுதியது அந்த வீட்டில்தான்.